உறவினர் வீடும் விடுதிக் கணக்கும்



கூத்தாநல்லூர், பொதக்குடி, அத்திக்கடை, அடியக்கமங்கலம், கொடிக்கால்பாளையம், முத்துப்பேட்டை என்று திருவாரூர் மாவட்டத்தில் முஸ்லிம்கள் வாழும் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஓர் உறவு இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. "சபராளி" என்ற சொல்லுக்கு நம்மிடையே விளக்கம் தேவையில்லை. நெடுங்காலம் அந்த உறவுகளே நம்மைத் தேடி வந்தன. இப்போது நாமும் அவர்களைத் தேடிப் போகத் தொடங்கியிருக்கிறோம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்று ஆகிவிட்டது. திருச்சியில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். நம் நன்னாமார்கள் கப்பலில் ஒரு வாரம் வாந்தி எடுத்துக் கடந்த கடலை, நாம் ஓர் உறக்கத்தில் கடந்துவிடுகிறோம்.

இப்பயணத்திற்காக வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது ஒரு செலவு மட்டும் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. "தங்குறதுக்கு என்ன, அங்கேதான் மாமி வீடு இருக்கே!" சலுகை நாள் பார்த்து விமானச் சீட்டு எடுக்கிறோம். பெட்டிக்குத் தனிக்கட்டணம் என்பதால் 7 கிலோ கைப்பைக்குள் துணிமணிகளை அடக்குகிறோம். தங்குமிடத்தைச் சொந்தக்காரர் தலையில் வைக்கிறோம். முதல் இரண்டும் சிக்கனம், ஐயமில்லை. மூன்றாவதற்கும் அதே பெயரைச் சூட்டலாமா? பிறரைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆகவே எங்கள் வீட்டுக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் நன்னாவின் தம்பி நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிய அந்தக் கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் நம் பெரியவர்களின் முகம் மாறும். அதன் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்துடன் அந்தக் கப்பல் பயணமும் முடிவுக்கு வந்தது. ஆனால் குடும்பங்களைப் பிரித்தது கப்பல் நின்றது மட்டுமன்று. 1960களின் இறுதியில் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க அனுமதி பெற்றாக வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரே கடையில் இருந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஊர் திரும்பினார். குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தவர் அங்கேயே தங்கினார். எங்கள் சின்ன நன்னா தங்கிவிட்டவர். அவருடைய மகள் எங்கள் அத்தாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எங்களுக்கு மாமி. பெருநாளுக்கு ஒரு தொலைபேசி, பிற்காலத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு பிறைப் படம். அதுவே உறவாக இருந்தது.

2019 செப்டம்பர் இறுதியில், காலாண்டு விடுமுறையில், நாங்கள் ஐந்து பேர் கோலாலம்பூருக்குப் போனோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா. ஒரு வாரத்திற்கு முன்புதான் தகவல் சொன்னோம். "வரலாமா" என்று நாங்கள் கேட்கவில்லை; "வருகிறோம்" என்றோம். நள்ளிரவு தாண்டி இறங்கிய எங்களுக்காக மாமியின் மகன், அதாவது மச்சான், தம் காருடன் விமான நிலையத்தில் காத்திருந்தார். அடுக்ககத்தில் 700 சதுர அடி வீடு, மூன்று சிறிய அறைகள். அவற்றில் இரண்டை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் புத்ராஜெயா, அதற்கடுத்த நாள் கெந்திங் மலை, பிறகு மலாக்கா. எரிபொருளுக்கும் சாலைக் கட்டணத்திற்கும் நாங்கள் பணம் நீட்டினோம், அவர் கையைத் தட்டிவிட்டார். நீட்டிய கையை நாங்களும் சற்று விரைவாகவே மடக்கிக்கொண்டோம். ஒன்பது நாள் கழித்துக் கோடாலித் தைலமும் மைலோவுமாக ஊர் திரும்பியபோது, தங்கவும் சுற்றவும் ஒரு காசு செலவாகவில்லை என்று தெருவெல்லாம் சொன்னோம். எங்கள் கணக்கில் அது பெரிய வெற்றி.

2023 தொடக்கத்தில் ஒரு திருமணத்திற்காக மச்சானும் அவருடைய மகளும் ஊருக்கு வந்தார்கள். அந்தப் பெண் எங்கள் மகளிடம் வேடிக்கைக் கதைபோல் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் போயிருந்த ஆண்டின் இறுதியில் அவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு. நம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைப்போல் அங்கே வாழ்க்கையின் திசையைத் தீர்மானிக்கும் தேர்வு அது. அதற்குச் சில வாரங்களே இருந்தன. அவளுடைய அறையில் நாங்கள் உறங்கினோம். கூடத்தில் எங்கள் பேச்சும் சிரிப்பும். அவள் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்திலுள்ள சூராவின் பெண்கள் பகுதியில் போய் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அவளுடைய அத்தா ஓட்டுவது வாடகைக்கான கிராப் கார். எங்களை ஏற்றிச் சுற்றிய நாள்களில் அவருக்கு ஒரு ரிங்கிட் வருமானம் இல்லை. அந்த மாதத்துக் கார்த் தவணையும் தவறிப்போயிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். எங்கள் மகள் அன்றிரவு அதை எங்களிடம் சொன்னபோது எங்களால் சிரிக்க முடியவில்லை. மச்சான் அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

விருந்தோம்பலைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. ஜும்ஆ பயான்களில் அந்தப் பாதி நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அபூ ஷுரைஹ் (ரலி) அறிவிக்கும் அதே ஹதீஸின் மறுபாதி விருந்தினரை நோக்கிப் பேசுகிறது. சிறப்பான உபசரிப்பு ஒரு பகலும் ஓர் இரவும். விருந்து மூன்று நாள். அதற்குமேல் கொடுப்பது தர்மம். வீட்டாரை இடருக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்குவது விருந்தினருக்கு ஆகுமானதன்று. முஸ்லிம் நூலின் அறிவிப்பில் இன்னும் கடுமையாக, வீட்டாரைப் பாவத்தில் தள்ளும்வரை தங்கலாகாது என்று வருகிறது. எப்படித் தள்ளுவது என்று தோழர்கள் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவரிடம் தங்கியிருப்பதால்தான் என்று விடை கிடைக்கிறது. நாங்கள் ஒன்பது நாள் தங்கினோம். அப்படியானால் ஆறு நாள் தர்மம் வாங்கியிருக்கிறோம். அதுவும் தவணை கட்டத் தடுமாறிய ஒருவரிடமிருந்து.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களைப் பற்றி ஹாகிம், தபரானி ஆகியோர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியை அண்மைக்காலமாக அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். இருவர் அவருடைய வீட்டிற்கு விருந்தினராக வருகிறார்கள். இருந்த ரொட்டியையும் உப்பையும் வைக்கிறார். சக்திக்கு மீறி வலிந்து உபசரிப்பதை நபியவர்கள் தடுத்திராவிட்டால் இதைவிட மேலாகச் செய்திருப்பேன் என்கிறார். வந்தவர்களில் ஒருவர், உப்போடு கொஞ்சம் வாசனைத் தழை இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லிவிடுகிறார். ஸல்மான் (ரலி) தாம் உளூச் செய்யும் நீர்க்கலத்தைக் கடைக்கு அனுப்பி, அதை அடகு வைத்துத் தழையை வரவழைக்கிறார். உண்டு முடித்த விருந்தினர், கிடைத்ததில் மனநிறைவைத் தந்த இறைவனைப் புகழ்கிறார். உமக்கு மனநிறைவு இருந்திருந்தால் என் நீர்க்கலம் அடகுக்குப் போயிருக்காதே என்கிறார் ஸல்மான் (ரலி). கெந்திங் மலையைப் பார்க்காமல் எப்படி ஊர் திரும்புவது என்று எங்கள் வீட்டில் யார் முதலில் சொன்னது என்பது இப்போது நினைவில்லை. யார் சொல்லியிருந்தாலும், மலைமேல் ஏறியது மச்சானின் ஒருநாள் கூலி.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது வலுவான மறுப்புத்தான். மாமி வீடு இருக்கும்போது விடுதியில் அறை எடுத்தால், "எங்க வீடு உங்களுக்குச் சின்னதாப் போச்சா?" என்று அவர்கள் மனம் நோவார்கள். அந்த நோவு பொய்யன்று. தவிர, விடுதிக்கு வழியில்லாத குடும்பம் உறவைப் பார்க்கவே போகக் கூடாதா? போக வேண்டும். வசதியுள்ளவர் மட்டும் உறவைப் பேணினால் போதும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நாம் சொல்வது வேறு. ஒன்பது நாளுக்குக் கையில் காசில்லையென்றால் மூன்று நாளுக்குப் போவோம். மூன்று நாளில் மலேசியாவைப் பார்க்க முடியாது. மாமியைப் பார்க்க முடியும். எதற்காகப் போகிறோம் என்பது அங்கே தெரிந்துவிடும். கேட்டுவிட்டுப் போவதும் இதில் அடங்கும். அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தை அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்களில் ஓதுகிறோம். அதை வாசற்கதவுக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டு, விமானச் சீட்டு எடுத்த பிறகு தகவல் சொல்கிறோம். எடுத்த சீட்டைக் காட்டிய பிறகு "இப்போது வேண்டாம்" என்று எந்த உறவினரால் சொல்ல முடியும்? நபி (ஸல்) அவர்களே, விருந்துண்டபின் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் போகச் சொல்ல வெட்கப்பட்டார்கள். அதற்காக அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது. நம் மச்சான்மார்கள் வெட்கப்படுவதில் வியப்பென்ன?

இதைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. அதை எழுதலாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேசிய பிறகே எழுதுகிறோம்.

2019 பயணத்தின் நான்காம் நாள், இஷாவுக்குப் பிறகு, மாமி எங்கள் அம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "மச்சி, எந்தப் பேப்பர்ல கையெழுத்து வேணும்? சொல்லிடுங்க, போட்டுத் தந்துடுறேன்." நாங்கள் திகைத்ததுபோல் காட்டிக்கொண்டோம். உங்களைப் பார்க்கத்தான் வந்தோம், வேறொன்றுமில்லை என்றோம். "பார்க்கத்தான்னா சந்தோஷம்" என்று மாமி உள்ளே போய்விட்டார். உண்மையில் எங்கள் கைப்பையில் ஓர் அதிகாரப் பத்திரம் இருந்தது. பூட்டனார் பெயரில் திருவாரூருக்குப் பக்கத்தில் ஆறு மா நஞ்சை. அவருக்குப் பிள்ளைகள் இரண்டே பேர், நன்னாவும் அவருடைய தம்பியும். கடல் கடந்தவர் பங்கும் சேர்த்து எங்கள் குடும்பமே ஐம்பது ஆண்டுகளாகக் குத்தகைக்கு விட்டு அனுபவித்து வந்தது. பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற மாமியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்ட பிறகு அந்தத் தாளை எடுக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை; அது 7 கிலோவுக்குள் ஒன்றாகவே ஊர் திரும்பியது. ஊரிலிருந்து யார் வந்தாலும் கடைசியில் ஒரு தாளை நீட்டுவார்கள் என்பதை மாமி எங்களுக்கு முன்பு வந்த பலரிடம் கற்றிருக்க வேண்டும். டெல்டாவில் இப்படிப்பட்ட ஆறு மாக்களும் அரை வேலிகளும் எத்தனையோ குடும்பங்களில் இருக்கின்றன. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியாவில் விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. ஷரீஅத்தும் நிற்பதில்லை. பங்கு சிறிதோ பெரிதோ, அது விதிக்கப்பட்ட பங்கு என்று நிஸா அத்தியாயம் சொல்வதில் கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு விலக்கு ஏதும் இல்லை. "அவங்க அங்கே நல்லா இருக்காங்க, இது எதுக்கு அவங்களுக்கு" என்பது நாம் கண்டுபிடித்த ஃபிக்ஹ்.

2025 மே மாதத்தில் மீண்டும் போனோம். இரண்டு மாதங்களுக்கு முன்பே எந்த வாரம் உங்களுக்கு வசதி என்று கேட்டோம். காரைக்கால் ரயிலில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து நகரப் பேருந்தில் விமான நிலையம், டாக்சி வைக்கவில்லை. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவின் அருகில் எளிய விடுதி ஒன்றில் இரண்டு அறை எடுத்தோம். அறை சிறியதுதான். ஆனால் நம்மவர் உணவகமும் பள்ளிவாசலும் நடக்கும் தொலைவில் இருந்தன. முதல் நாள் இரவு மட்டும் மாமி வீட்டில் தங்கினோம். அவர் மனமும் நோகவில்லை, கூடமும் நிரம்பவில்லை. கூத்தாநல்லூர் தம்ரூட் ஒரு பெட்டி கொண்டுபோனோம். (உப்புக்கண்டம் கேட்டிருந்தார். இறைச்சிப் பண்டங்களுக்கு அங்கே சுங்கக் கட்டுப்பாடு இருப்பதால் எடுத்துப் போகவில்லை. வாசகர்களும் அதில் கவனமாயிருப்பது நல்லது.) தொழுகையைச் சுருக்குவதில்கூட நாள் கணக்கு உண்டல்லவா? ஒரே ஊரில் ஹனஃபி மத்ஹபில் 15 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக 4 நாள் தங்க நிய்யத் வைத்துவிட்டால் பயணிக்குரிய சலுகை போய்விடுகிறது. பயணியாக இருப்பதற்கே ஓர் எல்லை வைத்த மார்க்கம் நம்முடையது.

இம்முறை சுற்றிப் பார்த்தது ஒரே இடம். ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கு. மாமிக்கும் நாங்களே சீட்டு எடுத்தோம். சின்ன நன்னாவின் கபுரைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அவர் எப்போதோ சொன்னது நினைவிலிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ளுஹர் தொழுதோம். தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளி அது. அதன் தூணொன்றில் சாய்ந்தபடி, தம் அத்தா வெள்ளிக்கிழமைகளில் எந்த இடத்தில் உட்காருவார் என்று மாமி பேத்திக்குக் காட்டினார். அந்தப் பெண் மலாயில் ஏதோ கேட்டாள். மாமி தமிழில் பதில் சொன்னார். உறவைப் பேணுவதற்காக உங்கள் வம்சாவளியை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதற்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இப்படி ஒரு ளுஹர் போதும்.

அங்கு ஓர் எளிய வீட்டையும் ஒரு பெரிய வீட்டையும் உறவாகக் கொண்டவர்கள் எந்த வீட்டிற்குப் போகிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். நீச்சல்குளம் உள்ள அடுக்ககத்து மச்சானை நான்கு நாள் பார்க்கிறவர்கள், புறநகரில் உணவகத்தில் தட்டுக் கழுவும் மச்சானுக்குத் தொலைபேசியில் ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார்கள். நேரமில்லையாம்.

பினாங்கிலிருந்து திரும்பிய இரவு, நாங்களே பேச்சை எடுத்தோம். இம்முறை பையில் பத்திரம் இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. நிலத்தின் சர்வே எண், அளவு, பட்டாவின் நகல், கிடைத்த ஆண்டுகளுக்கான குத்தகைக் கணக்கு. பழைய ஆண்டுகளின் கணக்கு எங்களிடம் இல்லை, அதையும் எழுதியிருந்தோம். இதில் மூன்று மா உங்கள் அத்தாவுடையது, இத்தனை காலம் சொல்லாமல் இருந்தது எங்கள் தவறு, 2019இல் பையில் தாள் வைத்துக்கொண்டு இல்லையென்று சொன்னதும் தவறு என்று சொன்னோம். மச்சான் நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்கு வேகமாக வராது, விரல் வைத்துப் படித்தார். மாமி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வயல் வரப்பில் தென்னை ஏதும் நிற்கிறதா என்று கேட்டார். தம் அத்தா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். இரண்டு நிற்கின்றன என்றோம்.

"எனக்கு மட்டும் சொன்னாப் போதாது தம்பி" என்றார் மாமி கடைசியில். "ஈப்போவிலே என் தம்பி பிள்ளைங்க இருக்காங்க. அவங்க அத்தா மௌத்தாயிட்டார். அவங்ககிட்டேயும் இந்த நோட்டைக் காட்டணும்."

ஈப்போ உறவுகளை நாங்கள் பார்த்ததே இல்லை. பெயர்கூட அன்றுதான் தெரிந்தது. ஊர் திரும்பியதும் எழுதிக் கேட்டோம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இவ்வாண்டு எஸ்.பி.எம். தேர்வாம். அது முடிந்த பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அதன்பின்தான் சீட்டு எடுக்க வேண்டும்.